கம்பெனி பஸ்ஸில் ஒரு படகுப் பாட்டு

போன வாரம் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் டவுன் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்கு வந்து கை கழுவப் போனபோதுதான் உள்ளங்கையில் அந்த வாசம். பஸ் கம்பியைப் பிடித்து நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்த இரும்பு வாசம். பழைய பத்துப் பைசாவை வாயில் போட்டுக்கொண்டால் ஒரு ருசி வருமே, அதன் அண்ணன். நீங்கள் போட்டுப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, நான் பார்த்திருக்கிறேன். சோப்புப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். உடனே காதுக்குள் ஒருவன் கரடி மாதிரி உறும ஆரம்பித்துவிட்டான்.

பயப்படாதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, சித்தி வீட்டில் தங்கி, ஊர் ஓரத்து ஹெப்பாளில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் சேர்ந்திருந்தேன். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ். பக்கத்து சீட்டில் ஸ்ரீநிதி. மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். அவள் பேசினால் பக்கத்து சீட்டுக்குக் கேட்காது. பக்கத்து சீட்டே நான்தான், எனக்கே கேட்காது. மார்கழியில் கோவிலில் பாசுரம் சொல்கிற பெண். காதில் எப்போதும் ஒரு ஒயர். அதிலும் பாசுரம்தான் ஓடுகிறது என்று நினைத்து, நான் அவளைக் கொஞ்சம் பக்தியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒயரின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.

"கேளேன், நன்னா இருக்கும்."

முதலில் குழல். பிறகு பிடில். தூரத்தில் எங்கோ தேர் கிளம்புகிற மாதிரி அழகான மெட்டு. அட, என்று கண்ணை மூடினேன். அவ்வளவுதான், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்ததுபோல் டிரம். அதற்கு மேல் ஒரு ஆள், தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டு, அதைப் பற்றி மேலிடத்தில் புகார் செய்கிறான். ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"சித்தே பொறு. மெட்டு திரும்பி வரும்."

வந்தது. அதுதான் வினையாகப் போனது. அத்தனை உறுமலுக்குப் பிறகு வந்ததால் அது முன்பைவிட இரண்டு மடங்கு இனித்தது. இரண்டு வாரத்தில் உறுமலே இனிக்க ஆரம்பித்துவிட்டது.

வைக்கிங் பாட்டு என்றாள். குளிர் நாட்டில் முன்னொரு காலத்தில் கப்பலேறிப் போய் ஊர் ஊராகச் சூறையாடியவர்களாம். அவர்கள் துடுப்புப் போட்டதையும், சுத்தியல் பிடித்த சாமியையும், பனியையும், சாராயத்தையும் இப்போதுள்ள பிள்ளைகள் கிடார் வைத்துப் பாடுகிறார்களாம். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. எங்கள் சிநேகிதம் அந்த அஸ்திவாரத்தில்தான் நின்றது.

வீட்டில் ஒரு முறை சத்தமாக வைத்தேன். சித்தி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏங்கண்ணு, பக்கத்துல இருக்கறவங்க அந்தாளுக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுக்க மாட்டாங்களா?"

பஸ் டிரைவர் மாதண்ணன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஹனூர்க்காரர். எங்கள் சீட் அவருக்குப் பின்னாலேயே. கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் சிக்னலில் திரும்பினார்.

"ஏனம்மணி, ரெண்டு பேருக்கும் தெனமும் கழுத்து வலிங்களா?"

தலையாட்டுவதைத்தான் சொல்கிறார். ஸ்ரீநிதி ஒயரை நீட்டினாள். அவர் காதில் வைத்தார். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். மாதண்ணன் நகரவில்லை.

"நம்ம மாதேஸ்வரன் மலைக்குப் போறவங்க கம்சாளெ தட்டுவாங்களே, வெண்கலத் தாளம், அதே வேகமுங்க இது," என்றார். "எந்தச் சாமி?"

"சுத்தியல் சாமி," என்றாள் ஸ்ரீநிதி.

"நல்ல சாமிதானுங்க," என்று கியரைப் போட்டார்.

மறுநாளிலிருந்து அந்தப் பாட்டு பஸ் ஸ்பீக்கரில் ஏறிவிட்டது. தினமும் அது ஒன்றுதான், ரிங் ரோட்டில் திரும்பியதும். பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள். ஒரு வாரத்தில் அவர்களில் பாதிப் பேர் பாட்டில் 'ஹேய்' வரும் இடத்தில் தாங்களும் 'ஹேய்' என்றார்கள். கடைசிவரை மசியாதவர் ஸ்டோர்ஸ் மஞ்சுநாத் சார். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்ம்மா இது, சங்கீதானோ ஜகளானோ?" என்பார். சங்கீதமா, சண்டையா என்று கேட்கிறார். எதற்கெடுத்தாலும் கடிதம் எழுதுகிறவர். கேன்டீன் சாம்பாரைப் பற்றி அவர் எழுதியது மட்டும் ஒரு ஃபைல் என்பார்கள். பாட்டைப் பற்றியும் மேலே எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அந்தக் கடிதத்துக்கு மறுநாள் காலை பெருமழை. ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் முழங்கால் அளவு. நடுவில் போய் பஸ் இருமியது, நின்றது. மாதண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு முறை லேட்டாகியிருந்தது, மூன்றாவது தடவையானால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்று போக்குவரத்து அதிகாரி சொல்லியிருந்தார்.

"மேடு வரைக்கும் தள்ளிட்டாக் கெளம்பிருமுங்க," என்றார். அவர் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

நாற்பது பேர் இறங்கினோம். செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, புடவையையும் பேண்டையும் சுருட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு நேரத்தில் தள்ளினோம். பஸ் அசையவில்லை. அப்போதுதான் ஸ்ரீநிதி, அந்தக் கேட்காத குரல்காரி, மழையில் கத்தினாள். "மாதண்ணா! பாட்டைப் போடுங்கோ! ஹேய் வர்றச்சே எல்லாரும் சேர்ந்து தள்ளலாம்!"

போட்டார். அந்தத் துடுப்புப் பாட்டு பாலத்துக்கு அடியில் எதிரொலித்தது. தள்ளினோம். பாதிப் பேர் ஹேய்க்கு முன்னால், பாதிப் பேர் ஹேய்க்குப் பின்னால். பஸ் ஒரு சாண் போய் ஒன்றரைச் சாண் திரும்பி வந்தது.

குடையோடு ஓரமாக நின்றிருந்த மஞ்சுநாத் சாருக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஹேய் நாலாவது அடில வராதம்மா! மூணாவதுல வரும்! அப்புறம் குழல், மறுபடி ரெண்டு ஹேய்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மூன்று வாரம் கோபமாக உட்கார்ந்து, மனிதர் பாட்டு முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"ஒந்து... எரடு... ஹேய்ய்ய்!"

அந்தச் சத்தம் ஸ்டோர்ஸ் மேசைக்குப் பின்னால் இத்தனை வருஷம் எங்கே இருந்ததோ. பஸ் நகர்ந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன முன்பின் தெரியாத ஒருவர்கூட 'ஹேய்' என்றார். மேட்டில் ஏறி எஞ்சின் உயிர் பெற்றபோது நான் அழுதேனா, மழையா, சொல்லத் தெரியவில்லை.

நான்கு நிமிஷம் லேட். கேட்டில் போக்குவரத்து அதிகாரி கைக்கடிகாரத்தோடு நின்றார். முதலில் இறங்கியவர், சொட்டச் சொட்ட, மஞ்சுநாத் சார். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: தப்பு ரோட்டுடையது, டிரைவருடையது அல்ல, வேண்டுமானால் விவரமாக எழுதித் தருகிறேன். எழுதித் தருகிறேன் என்றதுமே அதிகாரி முழுக்கைச் சட்டையைக் கைக்கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். மாதண்ணன் தப்பினார்.

ஆனால் சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தது. கம்பெனி வண்டிகளில் பாட்டு வைக்கக் கூடாது. முதல் நாள் கொடுத்த கடிதம் வேலை செய்துவிட்டது. மஞ்சுநாத் சார் அதை இரண்டு முறை படித்தார். முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்னொன்று எழுதினார். அவர் வாழ்நாளில் பதில் வராத ஒரே கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ரிங் ரோட்டில் பஸ் திரும்பியதும் ஒரே அமைதி. மாதண்ணன் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டினார். பின்னாலிருந்து டிபன் கேரியர் மூடியில் ஒருவர் தட்டினார். யார் என்று திரும்பிப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவார். குழல் வரும் இடத்தை ஸ்ரீநிதி பாடினாள், கடைசி சீட் வரைக்கும் கேட்டது. உறுமலை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் அப்படியே போனோம். ஸ்ரீநிதி கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். மாதண்ணன் ஓய்வு பெற்று ஹனூரில் மஞ்சள் போட்டிருக்கிறார். மஞ்சுநாத் சார் இல்லை. செய்தி எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பாட்டுக்காரர்களின் பாட்டெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறது. கேட்கிறேன், நன்றாகத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஆள் குறைவாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

அந்த வழியில் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. அவரவர் கார், அவரவர் கண்ணாடி. பாலத்துக்கு அடியில் பள்ளத்தை மேடாக்கிவிட்டார்கள். கொஞ்சம் பலமாக மழை பிடித்தால் காலையிலேயே போனில் செய்தி வந்துவிடுகிறது, டிராயிங் பிரிவு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று. பார்க்கிறோம். யாரும் நனைவதில்லை.