தாலித் தட்டு திரும்புவதற்குள்

கல்யாணத்துக்குக் கதிர் கேமரா பிடிப்பான். லேப்டாப்பில் வெட்டி ஒட்டுவது அவன் பெண்டாட்டி உஷாராணி. திருச்செங்கோட்டில் யார் யார் கல்யாணத்தையோ ஒட்டிக் கொடுத்தவளுக்குத் தன் கல்யாண வீடியோவை ஒட்டிப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. "அடுத்த மாசம் பண்ணிறலாம் புள்ள" என்பான் கதிர். எட்டு வருசமாக அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. எடுத்தபடியே, ஒரே நீளக் கோப்பாக, லேப்டாப்பில் கிடந்தது. அதில்தான் அவள் அம்மா பொன்னாயி பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுவாள். "போதுமா சாமி?" என்று கேட்பாள். அம்மா செத்துப்போய்விட்டாள். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

போன வாரம் வீட்டில் சண்டை. "டிஸ்க் நெறஞ்சு கெடக்குதுங்க, மொதல்ல பெருசாப் போடுங்க" என்றாள் உஷாராணி.

"எடிட் பண்றப்ப ஹேங் ஆவுதல்ல? மொதல்ல ரேம். டிஸ்க்கு அடுத்த மாசம்" என்று கதிர் ரேமை வாங்கிப் போட்டுவிட்டான். எடிட்டிங் பறந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வேகம் கூடினால் இடம் கூடுமா?

எருமப்பட்டிக் கல்யாணத்தில் வினை வந்தது. கேமராவில் கார்டு போடும் இடம் பழுது. ஒயர் வழியாக நேரே லேப்டாப்பில்தான் பதிவு. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபைக்குள் இறங்கிய நேரம் பார்த்துப் பதிவு நின்றது. இடமில்லை என்றது திரை. உஷாராணி மேடையோரம் ஓடினாள்.

"ஏனுங்க, எடம் தீந்து போச்சுங்க!"

"எதையாச்சும் அழி புள்ள! தாலிய ரெண்டாந்தரம் கட்டுவாங்களா?"

எதை அழிப்பாள்? கொடுத்து முடித்தவற்றை நேற்றே அழித்தாயிற்று. மிச்சமெல்லாம் இன்னும் கொடுக்காத கல்யாணங்கள், அடுத்தவர் சொத்து. தன்னுடையது ஒன்றுதான் தன்னுடையது.

தட்டு கடைசி வரிசைக்குப் போயிருந்தது. ஒரு பெரியவர் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார். நல்லா இருப்பீங்க, இன்னும் சித்த நேரம் வெச்சிருங்க சாமி என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவர் விட்டுவிட்டார். தட்டு மேடையேறியது.

நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது லேப்டாப். அட பாழாய்ப் போனதே, கேள்வி வேறா! அமுக்கினாள். கெட்டிமேளம் கொட்டியது. பதிவு ஓடியது.

கதிர் வேர்வையைத் துடைத்தபடி இறங்கி வந்தான். "தப்பிச்சோம் புள்ள! எதை அழிச்சே?"

"நம்ம கல்யாணத்தைங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று.

மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடினான். அழித்த இடத்தின் மேலேயே இன்னொரு தாலி பதிவாகிவிட்டது, மீட்க முடியாது என்று கடைக்காரர் கைவிரித்தார். பெரிய டிஸ்க் ஒன்றைப் போட்டு வந்து அவள் முன்னால் வைத்தான். "இனி எடத்துக்குப் பஞ்சமே இல்ல புள்ள" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எருமப்பட்டிக் கல்யாணத்தைத் திறந்து வெட்ட உட்கார்ந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"எடம் இருக்குதுங்க. எங்கம்மாளை எங்க போயிக் கூட்டிட்டு வாரது?"