வசனக்காரி

அலுவலகத்தில் எல்லோரும் அவளை வசனக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுவது அவள் வேலை. திரையில் இருக்கிறவன் வாயைத் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு பகரமோ மகரமோ வந்து விழ வேண்டும். அதற்கென்று ஒரு தனிக் காது வேண்டும். அது அவளுக்கு இருந்தது.

பிறந்த வீட்டிலும் அவளைச் சுற்றி வசனம்தான், ஆனால் அது வேறு வசனம். அப்பா ஒரு சின்ன சபையின் போதகர். அங்கே வசனம் என்றால் வேதாகமத்தின் வரி. பொய் சொன்னால் ஓர் அதிகாரம் மனப்பாடம், எதிர்த்துப் பேசினால் ஓர் அதிகாரம். சமையலறைக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்று உண்டு. அதற்குள் அவளைப் புத்தகத்தோடு விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். பிழையில்லாமல் ஒப்பித்தால் கதவு திறக்கும். ஒரு சொல் தவறினாலும் மறுபடி முதலில் இருந்து. அண்ணன் அந்த அறைக்குள் போனதே இல்லை. அவன் சாது, அல்லது சாதுவாக இருக்கத் தெரிந்தவன். இவளுக்கு வாய் நீளம். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பாதி வேதாகமம் அந்த வாயில் ஏறிவிட்டது.

படிப்பு முடிந்த கையோடு, சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பினாள். அப்பா தடுக்கவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். இனி வசனத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவளும் நிம்மதியாக இருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்ததும் அந்த நிம்மதியில் மண் விழுந்தது. முதலில் கைக்கு வந்தது ஒரு துப்பறியும் தொடர். அதில் ஒரு போலீஸ்காரன் குண்டு மழையிலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்க, என் பல்லின் தோலளவில் தப்பித்தேன் என்றான். பல்லுக்கு ஏது தோல்? பக்கத்து மேஜைக்காரர், அது அவர்கள் ஊர்க் கொச்சையாக இருக்கும் என்றார். அவளுக்கு அது தெரிந்த வரி. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த யோபு புலம்பியது அது. அந்த அதிகாரத்தை அவள் வியர்க்க வியர்க்க மனப்பாடம் செய்திருக்கிறாள். 'மயிரிழைல தப்பிச்சேன்' என்று எழுதினாள். உதட்டுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு தொட்ட இடமெல்லாம் அதுதான். திவாலாகப் போகிறவனைப் பார்த்து வக்கீல், சுவரில் எழுதியிருப்பது தெரியவில்லையா என்பான். அது பாபிலோன் ராஜாவின் விருந்தில் ஒரு கை மட்டும் தோன்றி எழுதிய எழுத்து. வெள்ளம் புகுந்த ஊருக்கு வந்த உதவியை, வாளியில் ஒரு துளி என்பார் ஒரு செய்தியாளர். அது ஏசாயா தீர்க்கதரிசியின் வரி. போதையில் இருக்கிற ஒரு தாய் தன் பிள்ளையைக் கண்ணின் ஆப்பிள் என்று கொஞ்சுவாள். அது உபாகமப் புத்தகத்து வரி. நல்லவேளை, தமிழில் கண்மணி என்று ஒரு சொல் தயாராக இருந்தது. இத்தனைக்கும் பேசுகிறவர்கள் யாரும் பக்தர்கள் இல்லை. பேச்சுக்குப் பேச்சு கெட்ட வார்த்தை போடுகிறவர்கள். சில நூறு வருஷங்களுக்கு முன்னால் வேதாகமம் ஆங்கிலத்துக்கு வந்ததும், வீட்டுக்கு வீடு அதை உரக்க வாசித்ததும், வாசித்தது அப்படியே பேச்சில் கரைந்துபோனதும் அவள் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. பேசுகிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு வரிக்கும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அலுவலகத்தில் அவள் உட்கார்ந்த அறைக்கும், அந்தத் தட்டுமுட்டு அறை போலவே, ஜன்னல் கிடையாது. சத்தம் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். மேலாளர் வாரா வாரம் வந்து, எல்லோரும் எக்ஸ்ட்ரா மைல் போக வேண்டும், கேட்டதற்கு மேலேயும் உழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். ரோமாபுரிச் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்து, என் மூட்டையை ஒரு மைல் தூக்கு என்று கட்டாயப்படுத்தலாம் என்றிருந்த காலத்தில், இன்னொரு மைலும் சேர்த்தே போ என்று இயேசு சொன்னது அது. முதல் மைல் பலவந்தம் என்பதை மேலாளர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது அப்போதுதான். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. கடல் கடந்து இருந்த அண்ணன் போன் செய்தான்.

"நீதான் கிட்ட இருக்கே. எனக்கு இப்ப லீவே கிடைக்காது. கொஞ்ச நாள் பாத்துக்கோ."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அந்த வாரம் கையில் இருந்த தொடரில், செய்யாத குற்றத்துக்கு மாட்டிவிடப்பட்ட ஒரு குமாஸ்தா தன்னை ஸ்கேப்கோட் என்றான். பலிகடா என்று எழுதிவிட்டு அவள் யோசித்தாள். லேவியராகமத்தில் இரண்டு ஆடுகள். சீட்டுப் போட்டு ஒன்றை அறுப்பார்கள். மற்றதன் தலையில் ஊரார் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்தில் ஓட்டிவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஸ்கேப்கோட் என்பது ஓட்டிவிடப்பட்ட ஆட்டின் பேர். தமிழ் வெட்டுப்பட்டதன் பேரைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கடல் தாண்டிப் போய்விட்ட அண்ணன் ஞாபகம் வந்தது. சீட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்த இரண்டாவது அறையை அப்பாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொந்தமாக ஒரு வார்த்தை வராது. ஆனால் மனப்பாடமானது மட்டும் தங்கியிருந்தது. இப்படி நடப்பதுண்டு, சிலருக்குப் பாட்டு நிற்கும், சிலருக்கு வசவு நிற்கும் என்றார் மருத்துவர். அப்பாவுக்கு நின்றது வசனம். அதே பிரசங்கக் குரல், அதே ஏற்ற இறக்கம். முதல் நாள் மாலை இருட்டிக்கொண்டு வரும்போது, வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார். கணவன் எழுந்து போய் விளக்கைப் போட்டான். "மாமா வாயைத் திறந்தா லைட்டு எரியுது" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவர், பேசத் தொடங்கியதும் மறுபடி பிரசங்கம்தானா என்று பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு துடைக்கும்போதும் ஊட்டிவிடும்போதும் அவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காதில் வாங்காமல் இருப்பாள்.

ஒரு நாள் கைக்குத் தைலம் தேய்க்கப் போனபோது, செத்த ஈக்கள் தைலத்தை நாறச் செய்கிற, வேதாகமத்துப் பிரசங்கி புத்தகத்தின் வரியைச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். அன்றைக்குப் பகலில்தான் அவள் அதே ஈயோடு மல்லுக்கட்டியிருந்தாள். நல்ல திட்டத்தில் ஒரு சின்னக் கோளாறு என்பதை ஒரு திருடன், களிம்பில் விழுந்த ஈ என்று சொல்லியிருந்தான். 'எல்லாம் சரி, ஒரே ஒரு இடைஞ்சல்' என்று எழுதிவிட்டு வந்திருந்தாள். இப்போது சீசாவை மூக்கருகே கொண்டுபோனாள். தைலம் கெட்டுப்போய்க் கசப்பு வாடை அடித்தது.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பிரசங்கம் செய்யவில்லை. அந்தத் திருடனும் போலீஸ்காரனும் பேசுகிற மாதிரி பேசுகிறார். வேறு சொல் இல்லாததால், இருக்கிற சொல்லை எடுத்து ஆகிற காரியத்துக்குப் போடுகிறார். அன்று முதல் காது கொடுத்துக் கேட்டாள். நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது என்று சங்கீதப் புத்தகத்து வரியைச் சொன்னால் தண்ணீர். நரிகளுக்குக் குழி உண்டு, தலை சாய்க்க இடமில்லை என்றால் தலையணை நழுவியிருக்கிறது. யோனா மீன் வயிற்றில் கிடந்த கதையை ஆரம்பித்தால் போர்வை மூச்சை அடைக்கிறது.

கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது, ஆனால் அதற்குள் மாட்டிக்கொண்டதும் அவள்தான். வேறு யாருக்கும் இந்தப் பாஷை புரியாது. பகலில் பார்த்துக்கொள்ள வந்த ஆயாக்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். அலுவலகத்தில் பாதி வேலையில் போன் வரும், எதிர்முனையில் அப்பா ஏதோ சங்கீதம் சொல்ல, அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு வெளியே போய் ஆயாவுக்கு அர்த்தம் சொல்வாள். தூக்கம் போயிற்று. எடை குறைந்தது. லிஃப்டில் சிக்கியவர்களை இறக்கி இறக்கிப் பழகிய கணவன் அவளை ஒரு வாரம் கவனித்துவிட்டுச் சொன்னான்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்க கதவைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பாங்க. இழுக்க இழுக்க இறுகும். கொஞ்ச நாள் கையை எடு. அவரை ஒரு முதியோர் ஹோம்ல விட்டுப் பாப்போம்."

விட்டார்கள். சுத்தமான இடம், தன்மையான மனிதர்கள். அவள் முக்கியமான வசனங்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தாள். பணிப்பெண் பயபக்தியோடு தலையாட்டினாள். முதல் வாரம் வசனக்காரி வீட்டில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

அடுத்த வாரம் பார்க்கப் போனபோது பணிப்பெண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்க அப்பா ரெண்டு நாளா விடாம ஜெபம் பண்றாருங்க. கேக்கறப்பவே எனக்குக் கண்ணு கலங்குது. பக்கத்துல நின்னு ஆமென் சொல்லிட்டு வர்றேன்."

அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. பிரசங்கக் குரல்தான், ஆனால் உடைந்திருந்தது. தண்ணீரைப் போல ஊற்றப்பட்டேன், என் எலும்புகள் எல்லாம் கட்டு விட்டுப்போயின. ஒரே வரி, திரும்பத் திரும்ப. அவள் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினாள். கால் வெளிப்பக்கமாகப் புரண்டு கிடந்தது. இடுப்பில் நீலம் பாரித்திருந்தது.

"அவர் ஜெபம் பண்ணல. இடுப்பு எலும்பு போச்சுன்னு சொல்றாரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். குளியலறையில் சறுக்கியிருக்கிறார். தூக்கி உட்காரவைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் அவரை நேராக வீட்டுக்கே கொண்டுவந்தாள். மேலாளரிடம் பேசி, வீட்டிலிருந்தே எழுத அனுமதி வாங்கினாள். அப்பாவின் அறையிலேயே ஒரு மேஜை போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் கடைத்தெருப் பக்கம் போவதுகூடக் குறைந்துவிட்டது.

படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம், உடம்பும் மனசும் அசந்துபோயிருந்த நேரம், அவளை அறியாமல் கேட்டுவிட்டாள். "என்னை மட்டும் ஏன்ப்பா அந்த ரூம்ல போட்டுப் பூட்டினீங்க?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு, பிள்ளைகளே, பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஆரம்பித்தார். அவள் கை நின்றுவிட்டது. பிரசங்க மேடையில் எப்போதும் அவர் அந்த வரியோடு நிறுத்துவார். இப்போது நிறுத்தவில்லை. அதற்கு அடுத்த வரிக்குப் போனார். தகப்பன்மாரே, உங்கள் பிள்ளைகளுக்குக் கோபம் மூட்டாதேயுங்கள், அவர்கள் மனம் ஓய்ந்துபோவார்கள். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார். மனமுருகிச் சொன்னாரா, மனப்பாடம் தானாக அடுத்த வரிக்கு உருண்டதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இடது கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை மெல்ல விடுவித்து, விரிப்பை மாற்றி முடித்தாள்.

அண்ணன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். ஒரு வாரப் பயணம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்படிப்பா இருக்கீங்க என்றான். அப்பா அவனைப் பார்த்துத் தெளிவாக ஒரு வசனம் சொன்னார். சின்ன வயதில் தாழ்ப்பாளுக்குள் போகாதவனுக்கு, அது ஏதோ வேத வரி என்பதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

"என்ன சொல்றாரு?"

உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி எதையாவது போட்டுச் சமாளிப்பது அவளுக்குக் கைவந்த கலை. பிரயாணம் எப்படி இருந்தது என்று கேட்கிறார் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவள் உள்ளதைச் சொன்னாள். "வியாதியா கெடந்தேன், நீ வந்து பாக்கலன்னு சொல்றாரு."

அண்ணன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "இது அவர் சொல்றதா, நீ சொல்றதா?"

இத்தனை மாதம் அவர் வாயாக இருந்ததற்குக் கிடைத்த மரியாதை. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்ததும் அவளுக்குத் தெரிந்தது.

"அவர்தான் சொல்றாரு. நானும் சொல்றேன்" என்றாள்.

அவன் சண்டைக்கு வரவில்லை. திரும்பிப் போகும் பயணத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டான். மதிய நேரங்களில் அப்பாவை அவன் பார்த்துக்கொண்டான். போர்வை கேட்டால் பால் கொடுத்தான், ஜன்னலைத் திறக்கச் சொன்னால் மூடினான், அர்த்தம் கேட்டு அவளை எழுப்பிக்கொண்டே இருந்தான். ஆனாலும் அவள் இரண்டு முறை தனியாகக் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது, வருஷா வருஷம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அப்பாவை அழைத்துக்கொண்டு போவதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அவன் போன மறுநாள் புதுத் தொடர் வந்தது. ஹெட்ஃபோன் காதை அழுத்தியதால் கழற்றி வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டாள். விருந்து மேஜையில் ஒருவன் கோப்பையை உயர்த்தி, சாப்பிடுவோம், குடிப்போம், களித்திருப்போம் என்று ஆங்கிலத்தில் முழங்கினான். படுக்கையிலிருந்து அப்பா கண்ணைத் திறக்காமலே தமிழில் முடித்துவைத்தார், நாளைக்குச் சாவோம் என்று.

அவள் அந்தக் காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். உதட்டுக்கு அது ஒத்துவரவில்லை. 'இருக்கிற வரைக்கும் ஜாலியா இருப்போம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.