ஆம்புலன்ஸின் மேல் ஒரு துப்பாக்கி

ஹவுராவில், லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தில் எங்கள் தகரக் கொட்டகை இருக்கிறது. ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட பழைய ஆம்புலன்ஸ் ஒன்று அதற்குள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மறுபடி ஓட வைக்கப் பாடுபடுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இருதயம். எனக்கு வாய்.

நான் ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். திருநெல்வேலிக்காரி. கடைசி போஸ்டிங் கொல்கத்தாவில் அமைந்ததால் பெஹாலாவில் ஒரு ஃபிளாட் வாங்கி இங்கேயே தங்கிவிட்டேன். மற்ற மூவரும் இன்ஜின் மேலுள்ள ஆசையில் வந்தவர்கள். என் கதை வேறு. இதே மாதிரி வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ மலைப்பாதைகளில் போயிருக்கிறேன். மண்சரிவில் கால் முறிந்து கிடக்கும் சிப்பாய்கள் நாங்கள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். வளைவில் எங்கள் வண்டியின் சிவப்புச் சிலுவை தெரிந்ததும் அழ ஆரம்பிப்பார்கள். இனிமேல் அழலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கொட்டகைக்குப் போன முதல் நாள் மங்கிக் கிடந்த அந்தச் சிலுவையைத்தான் துடைத்தேன். பிறகு நானே அதற்குப் பெயின்ட் அடித்தேன்.

வண்டி எங்களில் ஒருவருடையது. மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற தமிழர். "இளவட்டம் யாராவது வந்தாத்தான் உண்டு, சிஸ்டர். நமக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா பழைய இரும்புக்காரன் வந்து எடைக்கு எடுத்துண்டு போயிடுவான்" என்று அடிக்கடி புலம்புவார். அவர் சொன்னதில் தப்பில்லை. இன்ஜின் ஒரு நாள் உறுமினால் நாலு மாதம் மக்கர் செய்தது. அதன் அடியில் படுத்து வேலை பார்க்க எங்களில் யாருக்கும் உடம்பு வளையவில்லை.

கல்லூரி வாசல்களில் நோட்டீஸ் ஒட்டினோம். வருகிறவர்களுக்கு டீயும் எக் ரோலும் உண்டு என்று வாய்வார்த்தையாகவும் சொல்லி வைத்தோம். இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்தார்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். "துப்பாக்கி எங்கே இருந்தது?" என்று ஒருவன் கேட்டான். இது ஆம்புலன்ஸ், துப்பாக்கி கிடையாது என்றேன். எக் ரோலைத் தின்றார்கள், போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் வண்டிக்காரர் ஒரு யோசனையோடு வந்தார்.

"பிளைவுட்ல ஒரு மெஷின் கன் பண்ணி மேல மாட்டிடலாம், சிஸ்டர். குளிர்காலத்துல பழைய வண்டி ஊர்வலம் வரதோல்லியோ, அதுல நம்ம வண்டியும் போகும்னு சொன்னா பசங்க ஓடி வருவா."

"என்ன சார் பேசுதீங்க? சிலுவை போட்ட வண்டி மேல துப்பாக்கி மாட்டவே கூடாது. உலகம் பூரா உள்ள சட்டம்லா அது!"

வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ சிலுவையை அழிச்சுடலாம். ஆரே சிஸ்டர், கோபப்படாதீங்கோ. நாம ராணுவமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. யோசிச்சுப் பார்த்தா அதைப் போட்டுக்கவே நமக்கு அதிகாரம் கிடையாது."

அதுவும் உண்மைதான். எனக்கே தெரியும். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சில வாரங்கள் அந்தப் பக்கமே போகாமல் முறுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு அசிங்கமாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத் திட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

கூரைமேல் கறுப்பு அடித்த துப்பாக்கி நின்றது. கொட்டகை முழுக்கப் பிள்ளைகள். அன்றைக்கு எக் ரோலுக்கு வந்தவர்கள் தங்கள் கூட்டாளிகளையும் இழுத்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள், கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு பெண் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் வயர்களைக் குவித்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் நேராகப் பக்கவாட்டுத் தகட்டிடம் போனேன். எங்கும் பச்சை. கையால் தடவிப் பார்த்தேன். சிலுவையின் ஓரமாவது விரலுக்குத் தட்டுப்படும் என்று நினைத்தேன். தட்டுப்படவில்லை. அடித்தகடு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, அதன்மேல் பொறுமையாக அடித்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, வேலை தெரிந்த பிள்ளைகள். அரைகுறையாகச் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

சற்று நேரத்தில் அந்தப் பெண் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமாமல் திக்காமல் ஓடியது. வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிழைச்சுண்டுடுத்து, சிஸ்டர்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று என்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி அவள் எனக்கு மண்கோப்பையில் டீ கொண்டு வந்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கண்கள் பளபளத்தன.

"மாஷிமா, நீங்க நிஜமாவே ஆர்மியில இருந்தீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டாள். மாஷிமா என்றால் பெரியம்மா.

"ஆமா."

"யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் நர்ஸ். இந்த மாதிரி வண்டியிலதான் போவேன்."

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏமாற்றத்தில் முகம் வாடிவிட்டது. நல்ல பெண், என் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பாள். என் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவாயில்லை, மாஷிமா" என்றாள்.