பாஸ்டியனின் அடியறை

ஈனாக் பில்பீமுக்குக் காது கேட்காது. வீட்டில் அது மனைவி ஹெஸ்டருக்குத் தெரியும். கப்பல் கட்டும் தளத்தில் அவள் தம்பி வால்டருக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்காவது தெரிந்தால் அன்றே வேலை போய்விடும்.

மெட்வே ஆற்றோரம் 'பாஸ்டியன்' போர்க்கப்பலுக்கு நான்கு வருஷம் ரிவெட் ஆணி அடித்ததில் போன காது அது. ஒன்பது அங்குல இரும்புக் கவசம், அதன் பின்னால் பத்து அங்குலத் தேக்கு, அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரை. எதுவும் இதை மூழ்கடிக்காது என்றார்கள்.

அந்த இரண்டு தரைகளுக்கும் நடுவே, ஆள் தவழ்ந்து போகுமளவுக்கு அறைகள் இருந்தன. மூடியே கிடந்தால் துரு அங்கிருக்கும் காற்றைத் தின்றுவிடும். அதனால் முதலில் மெழுகுவர்த்தியை இறக்குவார்கள். அது எரிந்தால் ஆள் இறங்குவான். வாய்த்துளையில் நிற்பவன் சுத்தியலால் ஒருமுறை தட்டுவான். உள்ளே இருப்பவன் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். பாஸ்டியன் கடலுக்குப் போன பிறகு, பழுதுக்கு வரும் கப்பல்களில் அப்படித் துளையில் நிற்பதுதான் ஈனாக்கின் வேலை; பதிலை இரும்பில் உள்ளங்கையை வைத்துத் தெரிந்துகொள்வான். ஆறு வருஷம் அப்படியே ஓடிற்று.

1881இல் பாஸ்டியன் பழுதுபார்க்க வந்தது. துருச் சுரண்ட வால்டர் இறங்கும் நேரத்தில் பக்கத்திலேயே கவசத் தகட்டில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வேணாம் மாப்ளே. இந்த அடியில கைக்கு எதுவும் பிடிபடல" என்றான் ஈனாக்.

"அப்ப மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லு மச்சான், என் கைக்குக் காது அடைச்சிருக்குன்னு" என்று சிரித்துக்கொண்டே வால்டர் நுழைந்துவிட்டான்.

முதல் அறையில் மெழுகுவர்த்தி நன்றாகவே எரிந்தது. வால்டர் அதைத் தாண்டி மூன்றாம் அறைவரை போய்விட்டான். ஈனாக் தட்டினான், கையில் இரண்டு அதிர்வு. மறுபடி தட்டினான், மறுபடி இரண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சம்மட்டிக்காரர்கள் எழுந்து போனதும் இரும்பு அடங்கியது. அதற்குப் பிறகு அவன் எத்தனை தட்டியும் பதில் இல்லை.

உடலைக் கயிறு கட்டித்தான் வெளியே இழுத்தார்கள்.

விசாரணையில் ஈனாக் அதிகாரியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் வந்ததா என்று கேட்டார்கள். "வந்துச்சுங்க. ரெண்டு ரெண்டா வந்துச்சு" என்றான். கெட்ட காற்றால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள். வேலை தப்பியது.

ஹெஸ்டர் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அவனுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "எந்தக் காதால கேட்ட?"

அதற்குப் பிறகு அவள் அவன் முகம் பார்த்துப் பேசவில்லை. வேறு பக்கம் பார்த்துப் பேசியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த திங்கட்கிழமை அதே துளையில் வேறொருவன் இறங்கினான். இரண்டு தட்டு வந்தது. ஈனாக் நம்பவில்லை; ஆளை மேலே வரவழைத்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பினான். தினமும் அதுவே நடந்தது. வேலை நகரவில்லை என்று புகார் போக, மேஸ்திரி வந்து முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஈனாக் துளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள். புதிய பீரங்கிகள் ஒன்பது அங்குலத்தைத் துளைக்கத் தொடங்கியிருந்ததால், இரண்டு வருஷத்தில் பாஸ்டியனிலிருந்தும் பீரங்கிகளை இறக்கிவிட்டு ஆற்றில் நிறுத்தி, நிலக்கரி கொட்டி வைக்கும் கிடங்காக்கினார்கள். அது எந்த எதிரியையும் பார்க்கவில்லை. அதனுள்ளே செத்தவன் வால்டர் ஒருவன்தான்.