யானை டிஸ்க்கா, குதிரை டிஸ்க்கா?

ஹார்ட் டிஸ்க் கம்பெனியின் வாரன்டி கவுண்டரைத் தேடி வந்து, "என் டிஸ்க் நல்லா ஓடுது சார், சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லும் மனிதர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை.

மலையாள தேசத்தில், சாலை பஜாரில் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேலே, முதல் மாடியில், பதினோரு வருஷமாக அந்தக் கவுண்டர் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். படியேறி வருகிறவர்கள் கண்ணீரோடுதான் வருவார்கள். பாதி வத்தல் நெடியால், மீதி ஹார்ட் டிஸ்க்கால். கம்பெனிப் பெயரைச் சொன்னால் என் சம்பளத்துக்கு ஆபத்து. அதனால் 'குதிரை' என்று வைத்துக்கொள்வோம். எதிர் அறையில் போட்டிக் கம்பெனியின் கவுண்டர். அது 'யானை'.

சட்டம் இரண்டு அறையிலும் ஒன்றுதான். செத்த டிஸ்க்கைக் கொடுத்தால் புது டிஸ்க் தருவோம், அதற்குள் இருந்ததைத் தர மாட்டோம். வருகிறவர்களுக்கோ டிஸ்க் வேண்டாம், உள்ளே இருந்ததுதான் வேண்டும். கல்யாணம், காதுகுத்து, பத்து வருஷக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் அன்பர்களே, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் உங்கள் கட்சிக்காரன்தான்.

அவரவர் வீட்டு டிஸ்க்

எனக்குத் தெரிந்த குதிரையெல்லாம் செத்த குதிரை. திங்கட்கிழமை பத்து, செவ்வாய்க்கிழமை எட்டு என்று வந்து விழும். நன்றாக ஓடுகிற லட்சக்கணக்கான குதிரைகள் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும், ஆனால் அவை என் கண்ணில் பட்டதே இல்லை. மூன்றே வருஷத்தில், குதிரையை நம்புகிறவனுக்குப் புத்தி கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு டிஸ்க் தேவைப்பட்டபோது, யாருக்கும் தெரியாமல் கீழே இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போய்த் தணிந்த குரலில் யானையைக் கேட்டேன்.

பக்கத்தில் ஒரு குரல் அதே அளவுக்குத் தணிந்து குதிரையைக் கேட்டது. திரும்பினால் எதிர் அறை ஷைலஜா சேச்சி! யானை கவுண்டர் அவருடையது. நெடுமங்காட்டுக்காரர், மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். அவருக்குத் தெரிந்த யானையெல்லாம் செத்த யானை. இருவரும் திருட்டு முழி முழித்தோம். கடைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கம், நாகர்கோவில் அண்ணாச்சி. இரண்டு பெட்டியையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்டே மக்கா, உங்க சரக்க நீங்களே நம்ப மாட்டீங்கன்னா, நான் யாரு தலையிலடே கெட்டுவேன்?"

இரண்டு டாக்டர்கள்

இப்படிப்பட்ட எங்களிடம்தான் முத்துக்குமார் வந்து மாட்டினான். வித்துராவில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அப்பா அம்மா இருவரும் போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள். ஒரே தங்கை செல்விக்குக் கல்யாணம். ஊர்க் கல்யாணம் எல்லாம் எடுத்தவன், சொந்தத் தங்கை கல்யாணத்தை இன்னொருத்தன் எடுக்க விடுவானா? போட்டோ, வீடியோ இரண்டும் அவனே. மாப்பிள்ளைக்குத் தென்காசி, தாலி கட்டின கையோடு செல்வி அங்கே போய்விடுவாள். தங்கைக்கு அண்ணன் செய்கிற சீர் இதுதான் என்றான். அதைப் பத்திரமாக வைக்க எந்த டிஸ்க் நல்லது, இதைக் கேட்கத்தான் மெனக்கெட்டு பஸ் ஏறி வந்திருக்கிறான்.

நான் யானை என்றேன். எதிர் அறைக்குப் போனான். சேச்சி குதிரை என்றார். திரும்பி என்னிடம் வந்தான், மறுபடி அங்கே போனான். இப்படியே நடைபாதையில் நாலு நடை. கடைசியில், வயசில் பெரியவர் என்று சேச்சி பேச்சைக் கேட்டுக் குதிரையையே வாங்குவதாக முடிவு செய்தான். ஆனால் முகம் தெளியவில்லை.

"எங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்திராதேன்னு ரெண்டு டாக்டரும் சொன்னா, நோயாளி எங்க சாரே போவான்?"

பேக்கப் மாமா

ஒன்றுக்கு இரண்டாக வாங்கு முத்து என்றேன். "ஒண்ணு போதும் சாரே, பேக்கப் எடுத்துக்கிடுவேன்" என்றான். பேக்கப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவனை உட்கார வைத்துக் கோட்டை ஆடிட்டர் மாமாவின் கதையைச் சொன்னேன்.

மாமா கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் இருக்கிறார். படியேறும்போதே, "பயமில்லே, நான் பேக்கப் எடுத்திருக்கேனாக்கும்" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறினார். எனக்கு ஒரே சந்தோஷம். பதினோரு வருஷத்தில் பேக்கப் எடுத்த முதல் மனிதர்! காபி வரவழைத்தேன். அந்த பேக்கப் எங்கே மாமா என்று கேட்டால், மேஜைமேல் செத்துக் கிடந்த டிஸ்க்கைக் காட்டுகிறார். அதுதான் பேக்கப்பாம். கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் இதற்கு மாற்றிவிட்டு, அங்கே இருந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். ஏன் மாமா அழித்தீர்கள் என்று நான் கிட்டத்தட்ட அழுதேன். மாமா அசரவில்லை. நான் இதைச் சொல்லச் சொல்ல முத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமா எனக்குச் சொன்ன பதில் இது:

"ஒரே ஃபைலை ரெண்டு எடத்துல வெச்சா எது நெஜம், எது நகல்னு கொழப்பம் வந்துடாதோ?"

மட்ட அரிசி

இரண்டு மாதம் கழித்து, கையில் எவர்சில்வர் சம்புடத்தோடு முத்து படியேறி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்திருக்கிறது. கேமரா கார்டுகளில் இருந்த எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறான். மாற்றிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பெயர் சூட்டு விழா என்று கார்டுகளைத் துடைத்திருக்கிறான். மாமா கதையைக் கேட்டுச் சிரித்த அதே முத்து! அப்புறம் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குக் காட்டுவதற்காகப் பைக்கில் எஸ்டேட்டுக்கு ஏறியிருக்கிறான். பாதி வழியில் மழை. எங்கள் பக்கத்து மழை சொல்லிக்கொண்டா வரும்? பைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. போன் நனைந்தால் அரிசியில் போடுகிறார்களே என்று, டிஸ்க்கை நாலு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறான். ஐந்தாம் நாள் எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினால் டிக், டிக், டிக். அவ்வளவுதான். பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டானாம்.

சம்புடத்தைத் திறந்து டிஸ்க்கை எடுத்தேன். சாய்த்துப் பார்த்தபோது கேபிள் மாட்டுகிற துளையிலிருந்து சிவப்பாக, உருண்டையாக, இங்கத்துப் புழுங்கலரிசியான மட்ட அரிசி ஒன்று என் வாரன்டி ஃபாரத்தின் மேல் விழுந்தது. முத்து குனிந்து அந்த அரிசியை உற்றுப் பார்த்தான்.

"பச்சரிசியில போட்டிருக்கணுமோ சாரே?"

ஒரு அரிசிக்காக

தண்ணீர் பட்ட டிஸ்க்குக்கு வாரன்டி கிடையாது. நனைந்ததற்குச் சாட்சியான அந்த ஒரு அரிசியை மேஜை டிராயருக்குள் தட்டிவிட்டு, 'தானாகப் பழுது' என்று எழுதியிருந்தால் முத்துவுக்கு அந்த நிமிஷமே புது டிஸ்க் கிடைத்திருக்கும். கை அரிசி வரைக்கும் போனது, பொய் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை செல்வியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வராங்க சாரே. டிவியில போட்டுக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்.

இருந்தாலும் ஃபாரத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினேன். முத்து என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். குதிரையை வாங்கச் சொன்னது தான்தானே என்ற குற்ற உணர்ச்சியில் எதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஷைலஜா சேச்சி நேரே உள்ளே வந்துவிட்டார். "கஷ்டம்! ஒரு அரிசிக்கு வேண்டியா இந்தப் பையனை அழ வெக்கிறே? நீ மனுஷனா பெருமாளே?" என்று என் பெயரைச் சொல்லியே பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, நான் வாங்கிக்கிட்டேன்னா இது எங்க போகும்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியாததா? வாரன்டியில் வாங்கின டிஸ்க்கை எல்லாம் சாக்கில் போட்டுச் சீல் வைத்துக் கம்பெனிக்கு அனுப்புவோம். அங்கே மெஷினில் கொடுத்து நொறுக்கிவிடுவார்கள். வேண்டாம் என்று தள்ளின டிஸ்க் மட்டும்தான் சொந்தக்காரன் கைக்குத் திரும்பும். முத்து, இனிமேல் இதைக் கம்ப்யூட்டரில் மாட்டவே மாட்டாதே, அரிசியிலும் போடாதே, நேரே கொச்சிக்குக் கொண்டு போ என்றேன். தூசி இல்லாத அறையில் வைத்து டிஸ்க்கைப் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். செலவு ஆகும், முழுசாகக் கிடைக்கும் என்று சத்தியமும் செய்ய முடியாது. ஆனால் புது டிஸ்க்குக்கு ஆசைப்பட்டிருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. சேச்சிக்குக் கோபம் இறங்கிவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"இதை மொதல்லயே சொல்லிட்டு அப்புறம் ஸ்டாம்ப் குத்தினா உன் கை தேஞ்சா போகும்?"

பந்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தபோது, உலகத்தில் எல்லா போட்டோகிராபர்களும் சொல்கிற பொய்யை முத்து சொந்தத் தங்கையிடமே சொன்னான். ஆல்பம் டிசைனிங்கில் இருக்கிறதாம்.

மூன்று வாரம் கழித்துக் கொச்சியிலிருந்து டிஸ்க் வந்தது. பாதிதான் பிழைத்திருந்தது. போனது எது, இருந்தது எது என்று கேளுங்கள். மாலை மாற்றினது போய்விட்டது. தாலி கட்டினது போய்விட்டது. மேடையில் நடந்தது ஒன்றுகூட இல்லை. மிஞ்சியது சமையல்கட்டும் பந்தியும். இலை போடுகிறார்கள், சாம்பார் வாளி ஓடுகிறது, தென்காசிச் சித்தப்பா பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறார், திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த மாமா அப்பளத்தைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறார். நாலு பந்தி, முழு நீளத்துக்கு. மேடையை எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தவன், பந்திக்குச் சும்மா கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். அதுதான் பிழைத்தது.

மறுபடி செல்வி வந்தாள். இனிமேல் மறைக்க முடியாது என்று முத்து நடந்ததை எல்லாம் ஒப்பித்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி கட்டிவிடு, மறுபடி ஒருதரம் தாலி கட்டச் சொல்லி எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினானாம். செல்வி டிவியைப் போடச் சொன்னாளாம். நாலு பந்தியையும் ஒன்று விடாமல் பார்த்தாளாம். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போடச் சொல்லி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிக் காட்டினாளாம். இதை என் கவுண்டரில் நின்று சொல்லும்போது முத்து அழுதுகொண்டே சிரித்தான். சேச்சி வெளிப்படையாகவே அழுதார். நான் ஏதோ ஃபாரம் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். செல்வி சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"தாலி கட்டும்போது நான் அங்கதானண்ணே இருந்தேன், எனக்குத் தெரியாதா? பந்தியிலதான் நான் இல்ல, யாரு யாரு வந்து சாப்பிட்டாங்கன்னு இன்னிக்குத்தான் பாக்கேன்."

அன்றைக்கு முத்து எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் யானையில் ஒன்றும் குதிரையில் ஒன்றுமாக வாங்கிக்கொண்டு வித்துரா பஸ் ஏறினான். பதினோரு வருஷம் நாற்காலி தேய்த்ததில் எனக்குத் தெரியவந்த ஒரே நம்பகமான ஹார்ட் டிஸ்க், எந்தக் கம்பெனியானாலும் சரி, அந்த இரண்டாவது டிஸ்க்தான்.