மூன்று முறை கழுவிய இலைகள்

வெளியிலிருந்து வரும் எதுவும் தண்ணீர் படாமல் என் வீட்டுச் சமையல்கட்டுக்குள் போகாது. கீரை, வெண்டைக்காய், வாழைப்பழம் எல்லாம் கழுவித்தான் ஆகவேண்டும். ஊரடங்குக் காலத்தில் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவிய கை இது. மகள் கேலி செய்வாள், செய்துவிட்டுப் போகட்டும். சனத்நகரில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில், பாகங்களைப் பொருத்தும் பிரிவில், முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஒரு பாகத்தை உள்ளே விடுவேன். சுத்தம் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

போன வருஷம் என் மனைவிக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் சில நாள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் ஒரு சின்னக் கிருமிகூட ஆளைத் தூக்கிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். திருமுல்கேரி வீட்டில் நாங்கள் மூன்றே பேர். மகள் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அதனால் சமையல் என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும், பச்சையாக எதுவும் கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. நானும் கஞ்சி, பருப்பு, அவித்த காய் என்று குழையக் குழையச் செய்து கொடுத்தேன்.

என் மனைவிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். அணுக்கள் இறங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் கடைக்குப் போயிருந்த நேரம், சோபாவில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அவ டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போவாளே, அந்த பாக்கெட் இலை... அதுல கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுக்கறீங்களா? நறுக்குனு எதையாவது கடிக்கணும் போல இருக்கு. கஞ்சி நக்கோ, வேணவே வேணாம்."

பட்டியல் எனக்கு மறந்துபோகவில்லை. பச்சைக்குத் தடை அழுக்குக்காகத்தானே, அழுக்கைப் போக்கிவிட்டால் தடை எதற்கு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் ஒன்றைச் சாப்பிடுகிறேன் என்கிறாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அது சாலட்டுக்கான இலைகள் அடைத்த பாக்கெட். மூன்று முறை கழுவியது, அப்படியே சாப்பிடலாம் என்று மேலே இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. முன்பு ஒருமுறை நான் அதைக் கழுவப் போனபோது, "அப்பா, ஆல்ரெடி வாஷ்ட். அலாகே தினொச்சு" என்று மகள் இந்த ஊர்த் தெலுங்கில் அலுத்துக்கொண்டாள். அப்படியே தின்னலாமாம். எவனோ எங்கேயோ கழுவினானாம், நான் நம்பவேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழி வாங்கி வந்திருந்தேன். மனைவிக்கு சூப், எனக்கும் மகளுக்கும் குழம்பு. கோழியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து, சிங்க்கில் குழாயடியில் நாலு தண்ணீர் அலசி, துளைத்தட்டில் வடியவிட்டிருந்தேன். பிறகு சிங்க்கிலும் தட்டிலும் தண்ணீரை அடித்து விட்டேன். இரண்டும் பளிச்சென்று இருந்தன. இப்போது அதே சிங்க்கின் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் நிரப்பினேன். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, பாக்கெட்டைப் பிரித்து இலைகளைக் கொட்டினேன். பத்து நிமிஷம் ஊறியதும் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதே துளைத்தட்டில் போட்டேன்.

அவள் கடிக்கிற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. தட்டில் ஒரு இலை மிச்சமில்லை. ரிப்பேராகிக் கிடந்த பம்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு. மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். அப்புறம் நாலைந்து தடவை போய்வந்தாள். சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டே வந்தாள். வெளியில் என்ன சாப்பிட்டாங்க என்று டாக்டரம்மா கேட்டார். "வெளியில ஒண்ணுமில்லம்மா, வீட்டுச் சாப்பாடுதான், எல்லாம் வேகவெச்சது" என்று வாய் கூசாமல் சொன்னேன். பயம்தான் காரணம். அவள் செத்துவிடுவாளோ என்ற பயம் பாதி, மகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற வெட்கங்கெட்ட பயம் பாதி.

ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டாக்டரம்மாவின் அறைக்கு எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னேன். இலை, உப்பு, மஞ்சள், நான் எவ்வளவு நன்றாகக் கழுவினேன் என்பதெல்லாம். எதில் கழுவினீர்கள் என்று கேட்டார். சிங்க்கில் என்றேன். அதற்கு முன்னால் சிங்க்கில் என்ன இருந்தது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோழி என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இந்த நிலைமையில் பச்சை இலையே கொடுத்திருக்கக் கூடாது என்றார். சாதாரண ஆட்களுக்கும் சேர்த்துச் சொன்னார்: கழுவி அடைத்தது, அப்படியே சாப்பிடலாம் என்று போட்டிருந்தால் வீட்டில் மறுபடி கழுவத் தேவையில்லை, கழுவினால் சிங்க்கில், தட்டில், கையில் இருக்கிற கிருமிதான் இலைக்குப் போகும். கோழியையும் கழுவக் கூடாது, தண்ணீர் தெறித்துக் கிருமி சுற்றிலும் பரவும், வேகவைத்தால் போதும். மஞ்சளும் உப்பும் கிருமியைக் கொல்லப் போதாது. இதனால்தான் இப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உடம்புக்குள் இருப்பதே இந்த நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை எனக்காகச் சொன்னார் என்று தோன்றியது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது தொழிற்சாலை ஞாபகம் வந்தது. புது பேரிங் எண்ணெய்த்தாள் சுற்றி மூடி வரும். பொருத்துகிற நிமிஷம் வரை பிரிக்கக் கூடாது, கழுவவும் கூடாது. பழைய மண்ணெண்ணெயில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத தூசு உள்ளே போய் உட்கார்ந்து, ஓட ஆரம்பித்ததும் அரைத்துத் தின்றுவிடும். இதை எத்தனை பேருக்குத் தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன். தொழிற்சாலை மேஜைமேல் தெரிந்த விஷயம் என் சமையல்கட்டில் எனக்குத் தெரியாமல் போனது.

முதல் மூன்று நாள் எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். மகளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அணுக்கள் மெல்ல ஏறின. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு அந்த இலையை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "சோபாவிலருந்து சிங்க் தெரியுமே. கோழி அலசின இடத்துலயேதான் அதையும் போட்டீங்க. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

"பின்ன ஏன் சாப்பிட்ட? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கஞ்சி டாக்டர் சொல்லிச் செஞ்சீங்க. இது நான் கேட்டுச் செஞ்சீங்க. அதைப் போய் எப்படி வேணாம்னு சொல்றது?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இவள் என்னிடம் வேறு என்னவெல்லாம் கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கேட்டிருப்பாள். நான்தான் செய்யவில்லை.