தம்பலகாமத்துக் கோப்பில் இல்லாத இடைவெளி

அந்த நண்பரும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. பிறகு ஒரே வேலைக்கும் வந்து சேர்ந்தோம்: காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து என்ன வேகத்தில் அடிக்கிறது என்று அளப்பது. என்னுடைய கருவிகள் திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் நின்றன. அவருடையவை தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவில், உயரமான ஓர் இரும்புக் கம்பத்தில்.

தொடக்கத்தில் அளவுகளை எக்செல்லில் அனுப்பிக்கொள்வோம். பெரிய தலையிடி. திகதியில் நான் நாளை முதலில் போடுவேன், அவர் மாதத்தை. கருவி நின்றுபோன நேரத்துக்கு நான் ஒன்றும் எழுதாமல் விடுவேன், அவர் பூச்சியம் போடுவார். அந்தப் பூச்சியத்தை நம்பி, தம்பலகாமத்துக் காற்றில் ஒருநாள் முழுக்கத் தூசியே இருக்கவில்லை என்று நான் ஓர் அறிக்கையில் எழுதி வெட்கப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்தான் சொன்னார்: "இப்பிடிச் சரிவராது. உலகம் முழுக்க எங்கடை துறை ஆக்கள் பாவிக்கிற பொது வடிவம் ஒண்டு இருக்கு. ரெண்டு பேரும் அதுக்கு மாறுவம்."

அந்த வடிவத்தில் கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லும். எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன அலகு, எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்களை அறியாத ஒருவர் எந்த நாட்டிலிருந்தும் எடுத்துப் படிக்கலாம். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஒரு தரக்குறியும் போடவேண்டும்: நம்பலாம், சந்தேகம், அளவு இல்லை.

"சந்தேகம் எண்டால் ஒளிக்காமல் போடும். பாவிக்கிற ஆக்கள் பார்த்துக்கொள்ளட்டும்," என்றார்.

நான் போட்டேன். துறைமுகத்தில் கப்பல் ஒன்று என்ஜினை ஓடவிட்டபடி நின்றால் அதன் புகை நேரே என் கருவிக்கு வரும். அந்த மணித்தியாலங்களுக்குச் சந்தேகம். உப்புப் படிந்து காற்றுமானி இறுகிக்கொண்டால் சந்தேகம். காகம் எச்சமிட்டு அடைத்துவிட்டால் அதற்கும். ஒவ்வொன்றையும் போனில் அவரிடம் சொல்லுவேன். சிரித்துக்கொண்டு கேட்பார்.

தென்மேற்குக் கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு மாதத்தில் யானைகள் வயலுக்குள் இறங்கி அவருடைய கம்பத்தை விழுத்திவிட்டன. கம்பம் பல நாள் சேற்றில் கிடந்தது. நானும் கணவரும் போனோம். வயல்காரர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவர, எல்லாரும் கயிறு பிடித்து நிமிர்த்தினோம். என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது.

அடுத்த வருடம் கிழக்குக்கு ஒரு புதுக் கருவி வரப்போவதாகக் கதை வந்தது. வானத்துக்கு ஒளியை அனுப்பி, எந்த உயரத்தில் எவ்வளவு தூசி என்று பார்க்கிற கருவி. அதைத் துறைமுகத்தில் வைப்பது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்திருந்தோம். கடல்காற்று உள்ளே வருவதை முதலில் அங்கேதான் பிடிக்கலாம். அதையும் அவரே சொன்னார்.

கருவி எங்கே போவது என்று முடிவெடுக்கும் குழுவின் கூட்டம் கொழும்பில். எனக்குப் பிறகு அவர் எழும்பினார். துறைமுகத்துக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் இரண்டு பட்டைகள். தம்பலகாமம் முழுக்கப் பச்சை. துறைமுகத்தில் பாதிக்கு மேல் மஞ்சள். அவ்வளவும் நான் போட்ட சந்தேகக் குறிகள்.

"துறைமுகத்து அளவுகள் நம்பக்கூடியவை அல்ல என்று அந்தக் கோப்பே சொல்கிறது," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

பச்சைப் பட்டையைத் திரும்பப் பார்த்தேன். கம்பம் சேற்றில் கிடந்த நாட்களும் பச்சையாக இருந்தன.

"யானை விழுத்தின நாட்களுக்கு அளவு எங்கையிருந்து வந்தது?" என்று எழும்பிக் கேட்டேன்.

"அது இடைவெளியை நிரப்பினது. எல்லாரும் செய்யிறதுதான்."

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, நுணுக்கமான விஷயங்களைத் தேநீரோடு கதைக்கலாம் என்றார். சிலர் சிரித்தார்கள்.

தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். "எதை வைச்சு நிரப்பினனீர்?"

கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கிட்ட வேறை ஸ்டேஷன் இல்லைத்தானே. உம்மடைதான்."

"என்ரை அளவையோ? அந்த நாட்களிலை பாதிக்குச் சந்தேகம் எண்டு குறி போட்டிருக்கிறன்."

"குறியை எடுத்துப்போட்டுத்தான் பாவிச்சனான். கோவிக்காதேயும். எனக்கும் ஒரு கருவி தேவை."

ஒரே அளவுதான். என் கோப்பில் இருந்தபோது என்னைத் தோற்கடித்தது. அவருடைய கோப்பில் அவரை வெல்லவைத்தது. அந்தக் குறிகளை எப்படிப் போடுவது என்று எனக்குக் காட்டித்தந்தவரும் அவர்தான்.

கருவி தம்பலகாமத்துக்குப் போனது. நான் குழுவுக்கு முறைப்பாடு எழுதினேன். சில மாதம் கழித்து அவருடைய கோப்பு திருத்தப்பட்டு வந்தது. அந்த நாட்களுக்கு "நிரப்பப்பட்டது" என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது. எதிலிருந்து என்று இல்லை. கருவி இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீயும் எல்லாத்துக்கும் நம்பலாம் எண்டு போட்டுவிடன்," என்றார் கணவர். ஒரு மாதத்து அளவுகளுக்கு அப்படியே போட்டுப் பார்த்தேன். பட்டை அழகாக வந்தது. சேமிக்காமல் மூடிவிட்டேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை. அவர் செய்ததை நானும் செய்தால், அவரைக் கோவிக்கிற உரிமையும் போய்விடும். அப்போது எனக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கோபம் மட்டும்தான்.

மாரி தொடங்கினபோது தம்பலகாமத்திலிருந்து அவர் போன் எடுத்தார். நான் தூக்கவில்லை. பிறகு வட்ஸ்அப்பில், புதுக் கட்டுரைக்குத் துறைமுகத்துக் காற்றளவு வேண்டும் என்று எழுதியிருந்தார், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல. பதில் போடவில்லை. அது அவருக்குத் தேவையாகவும் இருக்கவில்லை. கோப்புகள் பொதுவில் கிடக்கின்றன, யாரும் எடுக்கலாம். அவரும் எடுத்தார். கட்டுரை வந்தபோது கடைசிப் பக்கத்தில் துறைமுக நிலையத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்.